செட்டிநாட்டு வீடு: முழுசாகவும் பார்க்கலாம், உதிரியாகவும் வாங்கலாம்

செட்டியார்கள் பர்மாவில் வட்டித்தொழில் செய்து சம்பாதித்து, தேக்கும் இத்தாலிப் பளிங்குமாய் இழைத்த வீடுகள். வாரிசுகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, பலவற்றில் வௌவால்தான் வாடகையில்லாமல் குடியிருந்தது. பிறகு சுற்றுலா வந்தது. சில வீடுகள் விடுதிகளாயின. ஆச்சிகள் வற்புறுத்திப் போட்ட பணியாரத்துக்கு இப்போது ஜிஎஸ்டி போடுகிறார்கள்.

ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, இந்த வீடுகளில் பதிக்கும் தரைக்கல் செய்கிறார்கள். பயணி அதை நூறு படம் எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டுக்கு வழவழ டைல்ஸ் ஒட்டுகிறார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பொருளாதாரம் வேறு. இடித்த வீட்டின் தூண், கதவு, எனாமல் தூக்கு எல்லாம் அங்கே விலைக்கு உண்டு. சட்டம் போட்ட தாத்தா படம்கூட. வாங்குகிற ஓட்டல்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே மாட்டுவார். யார் வீட்டுத் தாத்தாவோ பில் போடுவதை முறைத்துக்கொண்டிருப்பார். வீடு நின்றால் அறை வாடகை, விழுந்தால் மர விலை. எப்படியும் வட்டாரத்துக்கு வருமானம்தான்.

போகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லை வாங்குங்கள். கதவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.