உச்சி இல்லாத உயரம்

கேள்வி: ஒரு தேசத்தின் மிக உயர்ந்த இடம் ஏதேனும் ஒரு மலையின் சிகரமாகத்தானே இருக்க முடியும்?

பதில்: பூகோள வாத்தியார்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் பின்லாந்துக்காரர் எவரும் அதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, நார்வேக்கும் அவர்கள் தேசத்துக்கும் பொதுவாக ஹால்டி என்றொரு மலை கிடக்கிறது. மேலே மரம் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை, காலை வைத்தால் ஆடும் பாறைத் துண்டங்கள்தாம். 1751-இல் டென்மார்க்-நார்வே அரசும் அப்போது பின்லாந்தை ஆண்ட சுவீடன் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டு இழுத்த எல்லைக்கோடு, சரிவின் வழியே நேராகப் போய்விட்டபடியால், சிகரம் முழுதும் நார்வேயின் ஸ்வாதீனமாயிற்று. பின்லாந்தின் அதிகபட்ச உயரமான 1,324 மீட்டர், அந்தச் சரிவில் எல்லைக்கல் நிற்கும் இடமேயாகும். அதற்கு மேலும் ஏறலாம். ஆனால் ஏறுகிறவர் பரதேசியாகிவிடுவார்.

பின்லாந்து 2017-இல் தன் சுதந்திர நூற்றாண்டைக் கொண்டாட இருந்த சமயத்தில், எல்லையைச் சற்றே நகர்த்தி 1,331 மீட்டர் உயரமுள்ள ஒரு கிளைமுகட்டைப் பரிசாகத் தந்துவிடலாமே என்று, நில அளவைத் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற நார்வேக்காரர் ஒருவர் யோசனை சொல்ல, ஜனங்கள் பலரும் ஆமோதித்தார்கள். 2,469 மீட்டர் சிகரத்தை வைத்திருக்கும் நார்வேக்கு அது ஒரு நஷ்டமே அன்று. ஆயினும், ராஜ்யம் பிரிக்கவொண்ணாதது என்று அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்தே சொல்வதால், பிரதம மந்திரி எர்னா சோல்பெர்க் 2016-இல் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். கர்ணனுக்கும் இப்படி ஒரு ஷரத்து இருந்திருந்தால் கவச குண்டலம் தப்பியிருக்கும்!