சோப்பு வாசனை வேண்டுமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை. ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போதும் இப்போதுதான் சோப்பு போட்டுக் குளித்தவன் மாதிரி மணக்க வேண்டும். எந்த கொலோன் வாங்கலாம்?
– வாசகர், பாகலூர்

பதில்: பக்கத்து சீட்டுக்காரர் சார்பில் முதலில் நன்றி! அத்திப்பள்ளியைத் தாண்டினால் மைசூர் சாண்டல் சோப்பின் ஊரான பெங்களூரு. முதல் உலகப் போரில் சந்தனக்கட்டை ஏற்றுமதி முடங்கியதால், மைசூர் அரசே எண்ணெய் வடிக்க இறங்கியதன் பலன் அந்த சோப்பு. ஆனால் நீங்கள் கேட்பது சந்தனம் அல்ல, ‘சுத்தம்’. அதைத் தருபவை ஆல்டிஹைடு, வெள்ளை மஸ்க், லாவெண்டர், ஆரஞ்சுப்பூ. சோப்பின் காரத்தைத் தாங்கும் வாசனைகளையே சோப்பில் சேர்க்க முடியும். அதனால்தான் சோப்புகளுக்குள் ஒரு குடும்பச் சாயல். பாட்டிலில் ஆல்டிஹைடு, மஸ்க் போன்ற மேலே சொன்ன பெயர்களைத் தேடுங்கள். உங்களூரில் கடிகாரம் செய்யும் டைட்டனே 2013-இல் ‘ஸ்கின்’ என்று வாசனைத் திரவியம் கொண்டுவந்தது. டைட்டன் கடையிலும் முகர்ந்து பார்க்கலாம். கையில் அடித்து அரைமணி கழித்து முடிவெடுங்கள். கொலோன் ஓரிரு மணி நேரத்தில் பறந்துவிடும். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு அதைவிட அடர்த்தியான ‘ஓ த பர்ஃப்யூம்’தான் தாங்கும். கிரீஸ் வாடை மீது மட்டும் அடிக்காதீர்கள். முதலில் குளியல், பிறகு வாசனை.