பாக்கிச் சில்லறையும் பயணியின் மனநிலையும்: ஓர் ஆய்வு

1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் மனிதனை வாட்டும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டனர். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, கிறிஸ்துமசுக்கு 12, சிறு சட்டமீறலுக்கு 11. டவுன் பஸ் கண்டக்டர் தர வேண்டிய பாக்கிக்கு அதில் இடமில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

நோய்த் தோற்றம்: 7 ரூபாய் டிக்கெட்டுக்கு 20 ரூபாய் நோட்டு நீட்டப்படுகிறது. கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் 13 என்று கிறுக்கி, "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்கிறார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலையே மனத்தில் தங்கும் என்று 1927இல் உளவியலாளர் புளூமா சைகார்னிக் எழுதினார். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் பயணி வெளியே பார்க்காததன் காரணம் இதுவே.

நோயின் கட்டங்கள்: மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936இல் எலிகளிடம் கண்ட, அழுத்தத்தின் மூன்று கட்டங்களும் இங்கே பிசகாமல் தென்படுகின்றன.

அ) எச்சரிக்கை: டிக்கெட் பறந்துவிடாதபடி கடிகாரப் பட்டைக்குள் செருகப்படும்.

ஆ) எதிர்ப்பு: கண்டக்டர் கடக்கும்போதெல்லாம் தொண்டை செருமப்படும். வாய்விட்டுக் கேட்பது அரிது. 13 ரூபாய்க்கு அலைகிறான் என்று பக்கத்து இருக்கை நினைத்துவிடக் கூடாதல்லவா?

இ) களைப்பு: நிறுத்தம் வந்துவிட்டது. கண்டக்டர் முன்படியில், பயணி பின்படியில், நடுவே ஊரே நிற்கிறது.

தடுப்பு முறை: 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கே அவர்களை இந்நோய் அண்டுவதில்லை. ஆண்களுக்கான தடுப்பு மருந்து, சரியான சில்லறை, தட்டுப்பாட்டில் உள்ளது.

முற்றிய நிலை: ஆளுக்கு 5 ரூபாய் வர வேண்டிய இருவரிடம் ஒரே 10 ரூபாய் நோட்டைத் தந்து, "ரெண்டு பேரும் மாத்திக்கங்க" என்று விசில் ஊதுகிறார் கண்டக்டர். அவர் அக்கணமே குணமடைகிறார். முன்பின் தெரியாத இருவர் டீக்கடைக்கு நடக்கின்றனர். அங்கும் சில்லறை இல்லை. கைக்காசு மேலும் 20 ரூபாய் போட்டு ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு நிம்மதியாகக் கலைகின்றனர்.

முடிவு: மனஅழுத்தம் தருவது காசு போவதன்று, வர வேண்டியது வராமல் நிற்பதே. எலிகளைக் கொண்டு இதை மெய்ப்பிக்க இயலாது. அவற்றுக்கு டிக்கெட் கிடையாது.