எலிக்கு உள்ள மரியாதை

ஸ்வீடனில் ஓர் எலியை அறுத்துச் சோதிக்க வேண்டுமென்றால் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வலிக்குமா, எலி இல்லாமல் ஆகாதா என்றெல்லாம் கேட்பார்கள். நல்ல நாடு. 2011 ஜூனில் அதே நாட்டின் தலைநகரில், ஐஸ்லாந்தில் படித்துக்கொண்டிருந்த எரித்திரிய நாட்டவர் ஒருவரின் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார்கள். அதற்காக எந்த நெறிமுறைக் குழுவின் கதவையும் யாரும் தட்டவில்லை. பாவம், அவர் மனிதராகப் பிறந்துவிட்டார்.

குழாயின்மேல் அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவை வளர்ந்து பிளாஸ்டிக்கை உயிருள்ள உறுப்பாக்கிவிடும் என்பது அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினியின் அருள்வாக்கு. முன்கூட்டியே விலங்குகளில் பொருத்திப் பார்த்தாரா? இல்லை. இது நடந்தது சந்துக்குள் போர்டு மாட்டிய லாட்ஜ் வைத்தியரிடம் அல்ல, கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில். மக்கியாரினியைப் பேராசிரியராக அழைத்து வந்தது கரோலின்ஸ்கா நிறுவனம். மருத்துவ நோபல் யாருக்கு என்று ஆண்டுதோறும் உலகத்துக்கு அறிவிக்கும் அதே இடம். 2012இல் முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பியதற்காக கர்டனுக்கும் யமனாகாவுக்கும் பரிசு என்று அறிவித்ததும் அங்கேதான். ஆகவே, எங்களுக்கு விஷயம் புரியவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை.

அனுமதி ஏன் இல்லை என்று கேட்டால் பதில் தயார்: இது ஆராய்ச்சியே அல்ல, வேறு வழியில்லாத நோயாளிக்குச் செய்த சிகிச்சை. அறுவை நடந்து ஐந்து மாதத்தில் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. அங்கே மட்டும் ஆராய்ச்சி. புகழ் வரும் வாசலில் விஞ்ஞானி, கேள்வி வரும் வாசலில் கருணாமூர்த்தி. ஒரே தொண்டை, ஒரே குழாய், இரண்டு கணக்குப் புத்தகம். உலகம் முழுக்க ஸ்டெம் செல் கடை விரித்திருக்கும் எல்லோருக்கும் இதுதான் மூல மந்திரம். அவர்களுக்கு நோபல் மண்டபம் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கரோலின்ஸ்காவில் மூவருக்குக் குழாய் வைத்தார்கள். மூவரும் இறந்தார்கள். 2013இல் மருத்துவமனை, இனி எங்கள் நோயாளிகளைத் தொடாதே என்று மக்கியாரினியை நிறுத்தியது; நிறுவனமோ, ஆராய்ச்சியாளராக இருந்துகொள் என்று வைத்துக்கொண்டது. அவர் ரஷ்யாவின் க்ராஸ்னோதாரில் கத்தியைத் தொடர்ந்தார்.

2014இல் அதே மருத்துவமனையின் நான்கு மருத்துவர்கள் நோயாளிகளின் பதிவேடுகளை மக்கியாரினியின் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாகத்துக்குக் கோபம் வந்தது. பதிவேட்டை நீங்கள் எப்படித் தொடலாம் என்று அவர்கள்மேல்! வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பெங்க்ட் யெர்டின், முறைகேடு உண்மை என்று 2015 மே மாதம் அறிக்கை தந்தார். ஆகஸ்டில் நிறுவனத்தின் துணைவேந்தர் ஆண்டர்ஸ் ஹாம்ஸ்டன், முறைகேடு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

2016 ஜனவரியில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. இந்த அறுவைகளைப் பற்றிய ஸ்வீடன் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று. இன்னொன்று அமெரிக்கப் பத்திரிகையில்: ஏற்கெனவே மனைவி உள்ள மக்கியாரினி, காதலியிடம் நம் கல்யாணத்தைப் போப்பாண்டவரே நடத்திவைப்பார் என்று சொல்லியிருந்தாராம். அதற்குப் பிறகுதான் நிறுவனத்துக்கு நெறிமுறை ஞாபகம் வந்தது. அடுத்த மாதமே துணைவேந்தர் பதவி விலகினார், மார்ச்சில் மக்கியாரினிக்கு வேலை போனது. நான்கு மருத்துவர்கள் ஆதாரத்தோடு கத்தியபோது கேளாத காது, டிவியிலும் பத்திரிகையிலும் மானம் போனதும் கேட்டுவிட்டது. 2018இல் 'லான்செட்' கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு நிறுவனம் முறைகேட்டுக்குப் பொறுப்பானவர்களின் பட்டியல் வெளியிட்டது. எச்சரித்த நால்வரில் ஒருவரின் பெயரையும் அதில் மறக்காமல் சேர்த்தது.

2023 ஜூனில் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த அறுவைகள் இல்லாமலேயே அந்த நோயாளிகள் கணிசமான காலம் வாழ்ந்திருக்க முடியும் என்று கண்டு, மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. முப்பது மாதம், மூன்று பேர். ஒருவருக்குப் பத்து மாதம். பாதகமான பரிந்துரைகளைப் படித்தும் அவரை வேலைக்கு எடுத்தவர்கள், அறுவை அரங்கைத் திறந்துவிட்டவர்கள், அறிக்கையைப் புரட்டிவிட்டுக் குற்றமில்லை என்றவர்கள், இவர்களில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை.