சத்தம் போடாத ஜெனரேட்டர்

கேள்வி: டிராவல் டிரெய்லருக்குச் சத்தமே இல்லாத ஜெனரேட்டர் உண்டா?

பதில்: பெட்ரோல் தீர்ந்துபோன எல்லா ஜெனரேட்டரும்! ஓடுகிறவற்றில் அமைதியானது இன்வெர்ட்டர் வகை. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக, சாதா ஜெனரேட்டர் ஒற்றை பல்புக்கும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று உறுமும். இன்வெர்ட்டர் சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டர் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. விளம்பரத்தில் வரும் டெசிபல் பெரும்பாலும் கால்வாசிச் சுமையில் அளந்தது. ஏசியைப் போட்டதும் சுருதி ஏறிவிடும். ஹோண்டாவின் ‘ஈயூ2200ஐ’ இன்வெர்ட்டர் மாடல் தொடர்ந்து தருவது 1,800 வாட்தான். 13,500 பிடியூ கூரை ஏசி கிளம்பும்போது அது திணறும். கிளம்பும்போது ஏசி இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவியோ, இணையாக இன்னொரு ஜெனரேட்டரோ தேவை. அமைதியான ஜெனரேட்டரும் கார்பன் மோனாக்சைடு கக்கும். டிரெய்லருக்கு 20 அடி தள்ளியே வையுங்கள்.