தொடுதிரை என்ன சோறா போடும்?

ஏலே பேராண்டி, வீட்டுலயே ஆபீஸ் போட்டுட்டியாம்ல? நல்லாருடே. ஆனா ஒரு லேசர் பிரிண்டர் வாங்க ராவும் பகலும் செல்லை நோண்டுதியாமே, அது என்ன பொண்ணா பாக்க?

நிமிசத்துக்கு 30 பக்கம் துப்புமாம். நீ ஒரு நாளைக்கு ரெண்டு ஜிஎஸ்டி பில்லு அடிப்ப. அதைக் கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள வாங்கி எந்த ரயிலைப் பிடிக்கப் போற? மாசம் 10,000 பக்கம் தாங்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். 2,000த்துக்குள்ள அடிச்சா மிசினுக்கு நல்லதுன்னு பொடி எழுத்துலயும் போட்டிருப்பான். அதை எவன் படிக்கான்?

மிசினு மலிவா கெடைக்குதுன்னு துள்ளாத. டோனர் விலையைக் கேட்டியா? சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். பொட்டியோட வாரது பல மிசின்ல அரைகுறை டோனருடே. 700 பக்கத்துலயே மூச்சு வாங்கும். அந்தப் பக்கக் கணக்கும் தாள்ல நூத்துக்கு அஞ்சு பங்குதான் கருப்பு விழும்னு வச்சுப் போட்டது. நீ கன்னங்கரேல்னு லோகோவை அப்பி பில்லடிச்சா எங்கேருந்து கட்டுபடியாகும்?

பேசாம பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போ. பட்டா காப்பிக்கும் சாதி சர்டிபிகேட்டுக்கும் விடியவுமே கூட்டம் நிக்கும். கடைக்காரன் மேசையில மஞ்சப் பழுத்து, மூடியில செல்லோ டேப்பு ஒட்டிக்கிட்டு ஒரு கேனன் 2900 ஓடிக்கிட்டுக் கெடக்கும். வைஃபை உண்டா? தொடுதிரை உண்டா? ஒரு எழவும் கெடையாது. டோனர் தீந்தா, ரீஃபில்காரன் வந்து கார்ட்ரிட்ஜைக் கழத்துவான். பழைய பொடியைக் கொட்டி, டிரம்மைத் தொடச்சு, புதுசை ரொப்பி, ரெண்டு குலுக்கு குலுக்கி மாட்டிருவான். மீசையெல்லாம் கரியோட சிரிப்பான் பாரு, அவன்தாம்ல உனக்கு நிபுணன்.

புதுசுதான் வேணுமா? வாங்கு. முதல்ல அந்த ரீஃபில்காரன்கிட்ட கேளு. கார்ட்ரிட்ஜுல சிப்பு இருக்கா? வெளி டோனர் போட்டா முரண்டு பிடிக்குமா? டிரம்மு தனியா, டோனரோட சேந்ததா? நம்ம ஊருல ரிப்பேருக்கு ஆளு உண்டா? இண்டர்நெட்டு இல்லன்னா தாளையே தொடமாட்டேங்குற மிசினும் வந்திருக்குடே. காசு குடுத்தவன் நீ, அனுமதி குடுக்கவன் வேற எவனோ!

ரெண்டு பக்கமும் தானே அடிக்கிற வசதி இருந்தா மட்டும் விடாத. தாளு பாதி மிச்சம். கலருக்கு ஆசைப்பட்டு மை ஊத்துத மிசினை வாங்கி மாசக்கணக்கா சும்மா போட்டா, மை காஞ்சு வாயடைச்சுக்கிடும். லேசர்ல இருக்கது பொடி. அது காய என்ன இருக்கு?

வாங்கிட்டு வந்து யூபிஎஸ்ல சொருகிராத. சூடேறும்போது கரண்டை மடக்குன்னு இழுக்கும், சின்ன யூபிஎஸ்ஸு கீன்னு கத்தும். செவுத்துல சொருகு. ஐப்பசி மழையில தாள்கட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு ஊர் சுத்தாத. ஈரங்குடிச்ச தாள் சுருண்டு உள்ள சிக்கும். அப்புறம், "தாத்தா, மிசினு மோசம்"னு எனக்கு போனைப் போடுவ.