யானை மேல் ஒரு வேலை

கேள்வி: அமெரிக்காவில் படிப்பை முடிக்கும் என் மகளுக்கு, கூகுள் போன்ற பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர ஆசை. சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரட்டும். நல்ல சம்பளம், மருத்துவக் காப்பீடு, இலவசச் சாப்பாடு எல்லாம் உண்டு. அவற்றைவிடப் பெரிய வரவு, பக்கத்து இருக்கைக்காரர். புதியவர் எழுதும் நிரலை அனுபவசாலிகள் படித்துத் திருத்திய பிறகே ஏற்பார்கள். கல்லூரியில் கட்டணம் கட்டிப் படித்தவர்களுக்கு, இங்கே சம்பளமும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள்!

குறை? யானை மேல் உட்கார்ந்தால் ஊரே தெரியும். யானையைத் திருப்புவது மட்டும் நம் கையில் இல்லை. சின்ன மாற்றத்துக்கும் பல குழுக்களின் ஒப்புதல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைத்த திட்டத்தையே மூடிவிடுவார்கள். பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் சமூக வலைத்தளம் 2019-இல் அப்படித்தான் போனது. சம்பளத்தோடு தரும் பங்குகள் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும். பிடிக்காத வேலையிலும் அவை கட்டிப்போடும். 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பலருக்குச் செய்தி மின்னஞ்சலில்தான் வந்தது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

எனவே, சேர்ந்த மாதத்திலிருந்தே சேமிக்கச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் கருவிகளோடு நிற்காமல், வெளியே எங்கும் பயன்படுபவற்றையும் பழகட்டும். அடையாள அட்டையைத்தான் திருப்பிக் கேட்பார்கள். கற்றதை யாரும் கேட்க முடியாது.